பிரித்து வைத்த பழைய ஃபார்முலா மாருதி பந்தயக் கார்: எடுத்துக் கட்டுபவருக்கு மொத்தமாக விற்பனைக்கு (ஏற்காடு)

ஒன்பதாம் வளைவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்துக் குடோனில் பல ஆண்டுகளாகப் பிரித்த நிலையில் இருக்கும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை விற்க விரும்புகிறேன். மாருதி 800 காரின் 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, இரும்புக் குழாய்களால் பின்னிய சேசிஸின் மேல் ஃபைபர் பாடி பொருத்திக் கட்டப்பட்ட ஃபார்முலா மாருதி வகை வண்டி இது. என் பெரியப்பா இதை, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் ஓட்டியவரிடமிருந்து வாங்கி வந்தார். முழுவதும் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி கட்ட வேண்டும் என்று தொடங்கிய வேலை, பிரித்த அளவிலேயே நின்றுவிட்டது. அவர் இப்போது இல்லை. எனக்கு இந்த வேலை தெரியாது. தெரிந்த ஒருவர் கைக்கு இது போய்ச் சேர வேண்டும் என்பதே வீட்டில் எல்லோருடைய விருப்பமும்.

சேசிஸ், இன்ஜின் பிளாக், ஹெட், கிராங்க், மூன்று பிஸ்டன்கள், கியர்பாக்ஸ், இரண்டு டிரைவ் ஷாஃப்ட்கள், வீல்களைச் சேசிஸோடு பிணைக்கும் நான்கு பக்கத்து ஆர்ம்களும் ஷாக் அப்சார்பர்களும், ஸ்டீயரிங் ரேக், நான்கு வீல்கள், அலுமினிய பெட்ரோல் டேங்க், முன் மூக்கும் பக்க மூடிகளும் இருக்கின்றன. சிறு போல்ட்டுகளும் நட்டுகளும் ஹார்லிக்ஸ் பாட்டில்களில் தனித்தனியாக இருக்கின்றன; ஒவ்வொன்றின் மீதும் "இடது பின், மேல் ஆர்ம், முன்பக்கம்" என்பது போலப் பெரியப்பா தம் கையால் எழுதி ஒட்டிய சீட்டு இருக்கிறது. இல்லாதவை எனக்குத் தெரிந்த வரையில் இவை: கியர் லீவரிலிருந்து கியர்பாக்ஸ் வரை செல்லும் கம்பி, ஆர்பிஎம் மீட்டர், வலப்பக்க இன்ஜின் மூடி. ரேடியேட்டர் ஓட்டை. டயர்கள் இறுகிவிட்டன. ஓட்டுநரின் சீட் பெல்ட்டைப் பயன்படுத்த முடியாது.

தனித்தனியாகப் பிரித்து விற்கும் எண்ணம் இல்லை. விலையை எப்படிக் கணக்கிடுவது, விளம்பரத்தில் இன்னும் எதையெல்லாம் எழுத வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சூரமங்கலம் லேத் எழுதியது:

வணக்கம் தம்பி. விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் சேசிஸைப் பற்றித் தெரிய வேண்டும், ஏனென்றால் இந்த வண்டியில் மற்றவை எல்லாவற்றையும் விலைக்கு வாங்கிவிடலாம், சேசிஸ் ஒன்றுதான் இந்த வண்டி இந்த வண்டிதான் என்பதற்குச் சாட்சி.

ஏற்காட்டு ஈரம் இரும்புக்கு ஆகாது. மேலே தெரிகிற துருவைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கம்பிப் பிரஷ் போட்டால் அது போய்விடும். நான் பயப்படுவது அடிப்பலகையைப் பற்றித்தான். இவ்வகை வண்டிகளில் அலுமினியத் தகட்டை அடிக்குழாய்களோடு சேர்த்து ரிவெட் அடித்திருப்பார்கள். இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் இரண்டுக்கும் நடுவே அரிப்பு நடந்துகொண்டே இருக்கும், வெளியே பெயின்ட் நன்றாகவே தெரியும். சிறிய சுத்தியலால் அடிக்குழாயை ஓரத்திலிருந்து ஓரம் வரை மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும். உள்ளே தின்றுபோன இடம் வந்ததும் ஒலி மந்தமாகி, ரிவெட் துளைகள் வழியாகச் சிவப்புப் பொடி உதிரும். அப்படி எங்கே உதிர்ந்தாலும் அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துப் படம் எடுத்துப் போடுங்கள். வாங்க வருபவர் அதைக் கண்டு பின்வாங்க மாட்டார். மறைத்து வைத்திருந்து அவரே கண்டுபிடித்தால்தான் பின்வாங்குவார்.

அடுத்தது கோணல். சேசிஸைச் சமமான தரையில் நான்கு சம உயரக் கட்டைகளின் மேல் வைத்து, முன் இடது ஆர்ம் பிடிமானத்திலிருந்து பின் வலது பிடிமானம் வரைக்கும், அதேபோல் மறுபக்கக் குறுக்காகவும் டேப் பிடித்து அளந்து, இரண்டு அளவையும் எழுதுங்கள். இரண்டும் ஓரிரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால் நிம்மதி. கூடுதலாக வேறுபட்டால் எப்போதோ ஒரு பக்கம் மோதியிருக்கிறது என்று கொள்ள வேண்டும், அதைத் தளப்பலகையில் (சேசிஸை அசையாமல் கட்டி வைக்கும் சமமான கனத்த இரும்புப் பலகை) கட்டி வைத்துத்தான் நிமிர்த்த வேண்டும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. விற்பதற்கு முன் "கொஞ்சம் சரிசெய்து கொடுக்கலாம்" என்று யாரிடமும் வெல்டிங் வைக்காதீர்கள். நம் சேலத்தில் உருக்காலை இருப்பதால் எவர்சில்வர் குழாய்க்குப் பஞ்சமில்லை, துருப்பிடிக்காது என்று சொல்லி அதையே வைத்து ஒட்டித் தருவதற்கு ஆட்களும் இருக்கிறார்கள். எவர்சில்வர் சூட்டில் சாதாரண இரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். வெல்டிங் வைக்கும்போது சேசிஸை இழுத்துக் கோணலாக்கிவிடும். இரண்டையும் சேர்த்து ஒட்டுவதற்குத் தனி வகைக் கம்பி வேண்டும், அது இல்லாமல் ஒட்டிய இடம் வெடிக்கும். பழைய குழாயின் வெளிவிட்டத்தையும் கனத்தையும் அளந்து, அதே வகை இரும்பைத்தான் வாங்குபவர் போட வேண்டும்.

செட்டிப்பாளையம் எழுதியது:

இந்தப் பதிவைப் பார்த்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. 1980-களின் பிற்பகுதியில் கோவையைச் சேர்ந்த கரிவரதன் அவர்கள், நம் நாட்டிலேயே கிடைக்கும் இன்ஜினை வைத்து நம் பிள்ளைகள் வாங்கக்கூடிய செலவில் ஃபார்முலா வண்டி கட்ட முடியும் என்று காட்டியதன் வழியில் வந்தது இந்த வகை. அதற்கு முன் சோழவரம் விமான ஓடுதளத்தில் வெளிநாட்டு ஒற்றை இருக்கை வண்டிகள் ஓடின. அவற்றை வாங்குவதும் பராமரிப்பதும் வசதி படைத்த மிகச் சிலருக்கே முடிந்தது. மாருதி 800 இன்ஜின் வந்த பிறகு, எந்த ஊரிலும் கிடைக்கும் உதிரிப் பாகத்தை வைத்துப் பந்தயத்துக்குப் போகலாம் என்ற நிலை ஏற்பட்டது. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். 2003-இல் கோவை அருகே செட்டிப்பாளையத்தில் திறந்த 2.1 கிலோமீட்டர் பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு முதன்முதலாகச் சென்ற நரேன் கார்த்திகேயன் தம் தொடக்கப் பந்தயங்களை ஓட்டியதும் ஃபார்முலா மாருதியில்தான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவ்வகை வண்டி எங்கே விற்பனைக்கு வந்தாலும், "இது இன்னார் ஓட்டிய வண்டி" என்ற பேச்சு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கையில் தாள் இல்லாமல் அந்த வரியை விளம்பரத்தில் எழுத வேண்டாம். பந்தய நுழைவுச் சீட்டு, பரிசோதனைச் சீட்டு, பழைய படம், பழைய ரசீது என்று பெரியப்பாவின் பெட்டியில் எது இருந்தாலும் அதைப் படமெடுத்துப் போடுங்கள். பாடியின் பழைய பெயின்ட் அடுக்கைத் தேய்த்துவிடாதீர்கள். ஓரத்தில் உரிந்த இடத்தில் கீழ் அடுக்கின் நிறமும் பந்தய எண்ணின் மீதியும் தெரிந்தால், பழைய படங்களோடு ஒப்பிட்டு எந்த ஆண்டு எந்த அணியில் ஓடியது என்று கண்டுபிடிக்க அதுவே உதவும். சேசிஸில் எண் அடித்த பட்டை எங்கேயாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த எண்ணை முழுமையாக இணையத்தில் போட வேண்டாம், நேரில் வருபவருக்குக் காட்டினால் போதும்.

செவ்வாய்ப்பேட்டை ஸ்பேர்ஸ் எழுதியது:

எல்லோரும் மன்னிக்க வேண்டும், மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்கிறேன். மொத்தமாக வாங்குவதற்கு ஆள் வருவது அரிது. இடம், நேரம், பணம் மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருக்க வேண்டும். மாறாக, வீல்கள் ஒருவருக்கு, ஸ்டீயரிங் ரேக் ஒருவருக்கு, கியர்பாக்ஸ் ஒருவருக்கு என்று கொடுத்தால் சில வாரங்களில் எல்லாம் போய்விடும். கூட்டிப் பார்த்தால் பணமும் கூடுதலாகவே வரும். பொறியியல் கல்லூரி மாணவர்கள் தங்கள் போட்டி வண்டிக்கு இத்தகைய பாகங்களைத் தேடி எங்கள் கடைக்கு வருகிறார்கள். குடோனில் இன்னும் பத்து ஆண்டுகள் கிடந்து வீணாவதைவிட ஓடுகிற வண்டிகளில் அவை பயன்படுவது நல்லது என்பது என் எண்ணம். யார் மனத்தையும் புண்படுத்தச் சொல்லவில்லை.

ஒன்பதாம் வளைவு எழுதியது:

அண்ணா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, புண்பட எதுவும் இல்லை. பணம் கூடுதலாக வரும் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் வீல்களும் ரேக்கும் கியர்பாக்ஸும் போன பிறகு மிஞ்சுவது சேசிஸும் ஃபைபரும்தான். அவற்றை யாரும் தனியாக வாங்க மாட்டார்கள்; காயலான் கடைக்கு எடைக்குத்தான் போகும். சூரமங்கலம் ஐயா சொன்னபடி இந்த வண்டிக்குச் சாட்சியாக இருப்பது எதுவோ, அதுவே எடைக்குப் போய்விடும். கரிவரதன் காலத்து வண்டிகள் எத்தனை இன்னும் முழுமையாக இருக்கின்றனவோ, இதுவும் இல்லாமல் போவதற்கு எங்கள் வீடு காரணமாக இருக்கக் கூடாது. ஹார்லிக்ஸ் பாட்டில்களில் இருக்கும் அந்தச் சீட்டுகளுக்கும் வண்டி பிரிந்து போனால் அர்த்தம் இல்லை. எது எங்கே பொருந்தும் என்பதை ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்; அந்த எழுத்து எல்லாப் பாகங்களோடும் சேர்ந்து போகும்போதுதான் பயன்படும். ஆகவே குறைந்த விலையானாலும் மொத்தமாகவே கொடுப்பேன்.

சேசிஸைத் தட்டிப் பார்த்தேன், சூரமங்கலம் ஐயா. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே இடது அடிக்குழாயில் ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கு ஒலி மந்தமாக இருக்கிறது, நீங்கள் சொன்ன சிவப்புப் பொடியும் வந்தது. குறித்துப் படம் எடுத்திருக்கிறேன். குறுக்களவுகள் இரண்டும் ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வேறுபடுகின்றன.

ஐந்து ரோடு இன்ஜின் எழுதியது:

குறுக்களவு ஒத்துப்போனது நல்ல செய்தி. நான் இன்ஜினைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மாருதி 800 இன்ஜின் என்பதால் பாகங்களுக்காகக் கவலைப்பட வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள், பெரும்பாலும் அது உண்மையே. 2014 வரை அந்தக் கார் உற்பத்தியில் இருந்ததால் கேஸ்கெட், பேரிங், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாம் சேலத்திலேயே வாங்கிவிடலாம். ஆனால் கார்புரேட்டர் காலத்துக் கியர்பாக்ஸ் நான்கு கியர் கொண்டது, பிற்காலத்தில் வந்தது ஐந்து கியர். பழைய பெட்டிக்குள் இருக்கும் பல் சக்கரங்களில் ஏதேனும் தேய்ந்திருந்தால் தேடிப் பிடிக்கத்தான் வேண்டும். பெட்டியின் மேல்மூடியைக் கழற்ற வேண்டாம். எண்ணெய் வடிக்கும் போல்ட்டை மட்டும் கழற்றி, வருவதைச் சுத்தமான வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மாவு போன்ற சாம்பல் நிறம் இயல்பானது. நகத்தில் மாட்டக்கூடிய இரும்புத் துணுக்கு வந்தால் அதை விளம்பரத்தில் எழுதிவிடுங்கள்.

சிலிண்டரின் அசல் விட்டம் 68.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 72 மில்லிமீட்டர். இன்ஜின் ஏற்கெனவே ரீபோர் ஆனதா (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியதா) என்பதை பிஸ்டன் தலையைத் துடைத்துப் பார்த்தாலே அறியலாம், 0.25 அல்லது 0.50 என்று அடித்திருந்தால் ஓவர்சைஸ் பிஸ்டன். 0.50 போட்ட பிளாக் என்றால் வாங்குபவர் சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்னும் புது உறை போடும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுவார். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் ஒவ்வொன்றுக்கும் அதன் அடிமூடி தனியே உரியது, ஒன்றின் மூடியை மற்றொன்றுக்கு மாட்டக் கூடாது. ஆகவே மூன்றையும் அந்தந்த ராடோடு சேர்த்துத் திருகி, துணியில் சுற்றி வையுங்கள். இவை கலந்துவிட்டால் நல்ல ராட்களும் வீணாகிவிடும். கிராங்கைத் தரையில் படுக்க வைத்திருந்தால் இன்றே எடுத்து, எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் உறை போட்டு நிமிர்த்தி வையுங்கள்.

பந்தய இன்ஜினில் கேம் ஷாஃப்ட்டும் ஹெட்டும் கம்பெனிக் காரில் உள்ளது போல இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி அழுத்தத்தைக் கூட்டியிருக்கலாம். ஹெட்டின் உயரத்தை வெர்னியரில் அளந்து எழுதினால் தெரிந்தவருக்கு அதுவே போதும். இன்னொன்று: பழைய கார்புரேட்டரின் ரப்பர் டயாஃப்ரமும் பெட்ரோல் டியூபும் இப்போது பங்க்கில் வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்காது. புதிதாகக் கட்டுபவர் டியூப் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றியே ஆக வேண்டும்.

சங்ககிரி சரக்கு எழுதியது:

விற்றுவிட்டால் மலையிலிருந்து இறக்க வேண்டுமே, அதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். சேலம் பக்கத்துச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் சரக்கு ஒரு பக்கமாகச் சரியும். கியர்பாக்ஸும் பிளாக்கும் ஃபைபர் பாடியும் ஒரே வண்டியில் கட்டாமல் கிடந்தால் அடிவாரம் வருவதற்குள் ஃபைபர் உடைந்துவிடும். பிளாக்கையும் பெட்டியையும் மரச்சட்டத்தில் போல்ட் போட்டு, கேபினை ஒட்டி வைத்துக் கட்டுங்கள். சேசிஸைக் கயிற்றால் கட்டும்போது ஆர்ம் பிடிமானங்களில் கயிறு போடாதீர்கள், மெல்லிய தகடு அது, வளைந்துவிடும்; ஓட்டுநர் தலைக்குப் பின்னாலிருக்கும் வளையத்திலும் அடிக்குழாய்களிலும் போடுங்கள். மூக்கையும் மூடிகளையும் தனியாக ஒரு டாடா ஏஸில் வைக்கோல் மெத்தை போட்டு இறக்குவதே நல்லது. இரண்டு நடை ஆனாலும் செலவு பெரிதாக இராது. பனிமூட்டம் இல்லாத காலை நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆத்தூர் வாசகர் எழுதியது:

ஐயா, எனக்கு உண்மையாகவே வாங்கும் எண்ணம் இருக்கிறது. தம்பியும் நானும் வீட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கிறோம், டிராக்டர் வேலை செய்கிறோம். இதற்கு ஆர்சி புத்தகம் இருக்காது என்று நினைக்கிறேன். அப்படியானால் எந்தத் தாளை வைத்து வாங்குவது? கட்டி முடித்தால் எங்கே ஓட்டலாம்? விலையையும் சொன்னால் வீட்டில் பேச வசதியாக இருக்கும்.

செட்டிப்பாளையம் எழுதியது:

இது சாலையில் ஓட்டப் பதிவு செய்யப்பட்ட வண்டி அன்று, ஆகவே ஆர்சி கிடையாது. யாராவது "வாங்கித் தருகிறேன்" என்றால் நம்ப வேண்டாம். முத்திரைத்தாளில் விற்பனை ஒப்பந்தம் ஒன்று எழுதி, அதில் "பிரித்த நிலையில் உள்ள, முழுமையற்ற, சாலையில் ஓட்டத் தகுதியற்ற பந்தய வண்டி" என்று தெளிவாகக் குறிப்பிட்டு, சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் எழுதி, பாகங்களின் பட்டியலை இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். பெரியப்பாவின் சொத்து என்பதால் அவருடைய வாரிசுகள் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்திடுவது பின்னாளில் இரு தரப்புக்கும் பாதுகாப்பு. பெரியப்பா வாங்கிய போது எழுதிய சீட்டு இருந்தால் அதன் அசலையும் வாங்குபவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

ஓட்டுவதைப் பொறுத்தவரை, கட்டி முடித்த பிறகு இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிப்பாளையத்திலோ தள நிர்வாகத்தின் அனுமதி பெற்றுப் பயிற்சி நாளில் ஓட்டுவதே வழி. போட்டியில் இறங்க வேண்டும் என்றால் இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். அங்கே முதலில் பார்ப்பது தலைக்குப் பின்னாலிருக்கும் வளையத்தையும் பெல்ட்டையும்தான். உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் முத்திரை பெற்ற பெல்ட்டுக்கும் ஐந்து ஆண்டு ஆயுள்தான், ஆகவே பழைய பெல்ட்டைப் படத்துக்காக வைத்துக்கொள்ளலாம், உடலில் மாட்டக் கூடாது. ஆர்ம்களை மணல் அடித்துச் சுத்தம் செய்த பிறகு வெல்டிங் இடங்களில் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெடிப்பில் சாயம் தங்குகிறதா என்று பார்க்காமல் மாட்டாதீர்கள். டிராக்டர் வேலை தெரிந்தவர்களுக்கு இதில் எதுவும் கடினம் இல்லை. பொறுமையும், போல்ட்டின் தலையில் அதன் வலுவைக் காட்டும் 8.8 அல்லது 10.9 என்ற எண் அடித்திருப்பதைப் பார்த்து வாங்கும் பழக்கமும் இருந்தால் போதும்.

சூரமங்கலம் லேத் எழுதியது:

ஆத்தூர் தம்பி, இடது அடிக்குழாயைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஒரு சாண் நீளம்தான். பழைய குழாயை இருபுறமும் நல்ல இரும்பு வரை வெட்டி, உள்ளே ஒரு சிறு குழாயைச் செருகி, மேலே புதுத் துண்டு வைத்து ஒட்டிவிடலாம். சேசிஸை என் பட்டறைத் தளப்பலகையில் கட்டி வைத்துச் செய்து தருகிறேன், பொருள் விலை மட்டும் கொடுத்தால் போதும். கியர் கம்பியையும் நாமே செய்துகொள்ளலாம், பெட்டியும் லீவரும் கையில் இருந்தால் நடுவில் இருக்கும் நீளம் தானாகத் தெரிந்துவிடும்.

செவ்வாய்ப்பேட்டை ஸ்பேர்ஸ் எழுதியது:

மொத்தமாகவே போகட்டும். கேஸ்கெட் செட், பேரிங், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் நான்கையும் எனக்கு அடக்கமாகும் விலைக்கே தருகிறேன். நான்கு கியர் பெட்டியின் பல் சக்கரம் ஏதேனும் தேவைப்பட்டால் சொல்லுங்கள், பழைய இருப்பில் தேடிப் பார்க்கிறேன்.

ஒன்பதாம் வளைவு எழுதியது:

எல்லோருக்கும் என் நன்றி. கேட்ட விவரங்களை எழுதுகிறேன். பிஸ்டன் தலையில் 0.25 என்று இருக்கிறது. கியர்பாக்ஸ் எண்ணெய் கறுப்பாக வந்தது, துணியில் சாம்பல் நிறப் பொடி மட்டுமே தங்கியது, துணுக்கு எதுவும் இல்லை. ராட் மூடிகள் மூன்றையும் பெரியப்பா ஏற்கெனவே அந்தந்த ராடில் திருகித்தான் வைத்திருந்தார். கிராங்க்கை நிமிர்த்தி வைத்துவிட்டேன். பெரியப்பாவின் பழைய தாள் பெட்டியில் அவர் வாங்கிய போது எழுதிய சீட்டும், தளத்தில் எடுத்த இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களும் கிடைத்தன. படத்தில் வண்டியின் எண் தெளிவாகத் தெரிகிறது, ஓட்டுபவர் முகம் ஹெல்மெட்டுக்குள் இருப்பதால் யார் என்று எதுவும் எழுதப் போவதில்லை.

பெரியம்மாவும் அண்ணனும் அக்காவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சம்மதித்துவிட்டார்கள். விலை இரண்டு லட்சத்து இருபதாயிரம் என்று வீட்டில் முடிவு செய்தோம். வண்டியை வண்டியாகவே கட்டுவேன் என்று சொல்பவருக்கு இதில் குறைத்துக் கொடுக்கவும் தயார். ஆத்தூர் அண்ணா, ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். எல்லாவற்றையும் குடோன் களத்தில் தார்ப்பாயின் மேல் வண்டி இருக்கும் வரிசையிலேயே பரப்பி வைக்கிறேன், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்ளலாம். முன்பணம் எதுவும் வேண்டாம், பார்த்த பிறகு பேசுவோம். அதுவரை வேறு யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆத்தூர் வாசகர் எழுதியது:

வருகிறோம். வெர்னியரும் டார்ச்சும் கொண்டு வருகிறோம், ஹெட்டின் உயரத்தை அங்கேயே அளந்துவிடலாம். சூரமங்கலம் ஐயாவுக்கு நேரம் இருந்தால் வழியில் அவரையும் அழைத்துக்கொண்டு மேலே ஏறுகிறோம்.